வாட்சர் அண்ணாச்சியின் துணிச்சுருள்

என் ஆய்வக மேசையில் ஒரு பேண்டேஜ் துணிச்சுருள் கிடக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டில் என்னோடு நடந்த வனத்துறை வாட்சர் அண்ணாச்சியுடையது அது. அவர் மனைவி ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பேண்டேஜ் தறியில் வேலை பார்த்தார். அதனால் அண்ணாச்சியின் சட்டைப்பையில் பீடி இருக்கிறதோ இல்லையோ, துணிச்சுருள் கட்டாயம் இருக்கும். முள் குத்தினாலும் கட்டு, சுளுக்கினாலும் கட்டு. என் குடைக்கம்பி உடைந்தபோது அதற்கும் ஒரு கட்டு.

ஒரு முறை ஆய்வுக்காகக் குரங்குகளிடம் ரத்தமும் எச்சிலும் எடுக்கும் வேலை. கூண்டுக் கொண்டியை நான்தான் சரியாகப் போடவில்லை. மயக்கம் தெளிந்த பெரிய ஆண் குரங்கு பாய்ந்து வந்து அண்ணாச்சியின் முன்கையைக் கடித்துவிட்டு ஓடியது. ஜீப்பிலிருந்து நான் சோப்பை எடுத்து வருவதற்குள், பழக்கதோஷத்தில் அவர் காயத்தை இறுக்கிக் கட்டி முடித்திருந்தார். கடிவாயைக் கட்டக் கூடாது, கழுவ வேண்டும். கட்டை அவிழ்த்து, குழாயடியில் கால் மணி நேரம் கழுவவைத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வெறிநோய் ஊசியும் போடவைத்தேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். அந்தக் குரங்கின் எச்சிலில் வேறொரு வைரஸ் இருப்பது தெரிந்ததும், படித்த திமிரில் அதையும் அவரிடம் சொல்லிவைத்தேன். அதற்காக விட்டுவிட்டுப் பல ரத்தப் பரிசோதனைகள் தொடங்கின.

அடுத்த வாரம் அவருக்கு முதல் பேத்தி பிறந்தாள். தூக்கினால் ஒன்றும் ஆகாது என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

"கடைசி டெஸ்ட் ரிசல்ட் வரட்டும் மேடம். பொறவு தூக்கிக்கிடுதேன்" என்றார்.

மாதக்கணக்கில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டிலை விட்டு எட்டியே நின்றார். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் சரியாகப் போடாத அந்தக் கொண்டிதான் நினைவுக்கு வரும்.

ஒரு நாள் அவரிடம் காவல் புரதங்களைப் பற்றிச் சொன்னேன். குரங்கு வைரஸ் மனித செல்லுக்குள் நுழைந்தாலும் பிழைப்பது எளிதில்லை. ஒரு புரதம் அதன் ஓட்டின் மேல் வலையாகப் படர்ந்து நொறுக்குகிறது. இன்னொன்று அதன் மரபு எழுத்துகளை மாற்றி உளறலாக்கிவிடுகிறது. மற்றொன்று வெளியேறப் பார்க்கும் புது வைரஸைச் செல்லின் வாசலிலேயே பிடித்து வைக்கிறது. குரங்குக்கும் இவை உண்டு. ஆனால் அவற்றை ஏமாற்ற அதன் வைரஸ் பழகிவிட்டது. சங்கிலி போன்ற நம் புரதத்தில் ஒரே ஒரு கண்ணி வேறாக இருந்தால்கூடச் சில வைரஸ்களின் தந்திரம் பலிக்காது. பெயர் தெரியாத நம் மூதாதைகளின் உடம்பில், என்றோ மறைந்துபோன வைரஸ்களோடு மோதி மோதி உருவான காவல் இது. வருடக்கணக்காகப் படித்ததுதான். அவர் கையிலிருந்த கடித் தழும்பைப் பார்த்துக்கொண்டே சொன்னபோதுதான் எனக்குப் புல்லரித்தது.

அண்ணாச்சி தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "எனக்குத் தெரியாமலே உள்ள எம்புட்டு வேல நடக்கு!" என்றார். அப்போதும் பேத்தியைத் தொடவில்லை.

கடைசி முடிவும் சுத்தமாக வந்தது. எது தடுத்தது, சோப்பா, புரதமா, அதிர்ஷ்டமா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. காகிதத்தோடு அவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் சட்டைப்பையிலிருந்த சுருளை என்னிடம் கொடுத்துவிட்டுக் குழாயடிக்குப் போனார். நான் சொல்லிக்கொடுத்தபடியே சோப்புப் போட்டு, முழங்கை வரை, கால் மணி நேரம் கழுவினார். பிறகுதான் பேத்தியை வாங்கக் கைகளை நீட்டினார்.

இன்று அந்தச் சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்கிறேன். கண்ணி கண்ணியாக வெளிச்சம் வருகிறது. பேத்தி கைக்கு வந்த பிறகு அவர் இதைத் திருப்பிக் கேட்கவே இல்லை.