வாகை நிழலில் எட்டாவது ஆள்

கம்பம் பள்ளத்தாக்கின் தனியார் கல்லூரி ஒன்றில் பொன்னுராஜ் பதினான்கு ஆண்டுகளாக வேதியியல் ஆய்வகப் பயிற்றுநராக இருந்தார். காலை ஒன்பதே முக்காலுக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதும், எந்த வகுப்பை யார் எடுத்தார் என்று ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதுவதும் அவருக்கு மூச்சுவிடுவது போல.

1978 ஆகஸ்டில், விசாரணையின்றி ஓர் ஆசிரியரை நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பியது. அதை எதிர்த்து, வகுப்பெடுப்பது, ஆனால் கையெழுத்திடுவதில்லை என்று எட்டுப் பேர் முடிவு செய்தார்கள். பொன்னுராஜும் கை தூக்கியவர்தான். மறுநாள் காலை பழக்கதோஷத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டார். மை காய்ந்த பிறகே நினைவு வந்தது.

கையெழுத்திடாதவர்கள் வேலைக்கே வரவில்லை என்று கூறி, மற்ற ஏழு பேரையும் நிர்வாகம் தற்காலிகப் பணிநீக்கம் செய்தது. அவர்கள் வாயிலுக்கு எதிரே வாகை மரத்தடியில் அமர்ந்தார்கள். நடுவில் அய்யாத்துரை, பணியில் சேர்ந்து நான்கே ஆண்டுகள் ஆனவர். காமயகவுண்டன்பட்டியிலிருந்து கூடை கூடையாகத் திராட்சை வந்தது. டவுன் பஸ்கூட அங்கே நின்றுதான் போயிற்று. ஆய்வகச் சன்னல் வழியே பார்த்த பொன்னுராஜுக்கு வயிறு எரிந்தது.

வீட்டில் மனைவி பாண்டியம்மாள், "அய்யாத்துரை சாருக்கு மாலை போட்டாகளாம்ல," என்றாள்.

"அவர விட நான் பத்து வருசம் சீனியர்."

"மாலைக்கு ஏது சீனியரு?"

மறுநாள் அவர் கல்லூரிச் செயலாளர் முன் போய் நின்றார். "ஐயா, நானும் அவுகளோட சேந்தவன்தான். என்னையும் சஸ்பெண்ட் பண்ணுங்க."

"கையெழுத்துப் போட்டிருக்கீரே."

"மறதியில போட்டது."

செயலாளர் சிரித்தார். "ஒம்மையும் அனுப்பிட்டா கேஸ் அடுப்ப யாரு பத்த வைக்கிறது? போயி வேலயப் பாரும்."

அந்த ஆத்திரத்தில்தான் வழி புலப்பட்டது. கையெழுத்து மறுத்த அதே நாளின் குறிப்பேட்டில் அவரே எழுதியிருந்தார்: 'இரண்டாமாண்டு, இருபத்திரண்டு பேர், பத்து முதல் ஒன்று வரை, அய்யாத்துரை.' அவர்கள் வேலைக்கு வரவில்லை என்பது பொய்யென்று அந்த ஒரு வரி சொல்லும்; ஒரே காரணத்தைச் சொன்ன ஏழு பணிநீக்க ஆணைகளும் நிற்காது. ஏழு பேரும் உள்ளே திரும்பிவிட்டால் மரத்தடி காலியாகும், மாலை போடுவதும் நின்றுவிடும். கல்வித்துறை அதிகாரி விசாரணைக்கு வந்தபோது பொன்னுராஜ் குறிப்பேட்டை அவர்முன் மேசைமேல் வைத்தார். நியாயத்துக்காக வைத்தார் என்று ஊர் பேசிக்கொண்டது. பொன்னுராஜ் மறுக்கவில்லை.

ஏழு ஆணைகளும் ரத்தாயின. அன்று மாலையே எட்டாவது ஆணை வந்தது: கல்லூரி ஆவணத்தை அனுமதியின்றி வெளியாரிடம் காட்டியதற்காகப் பொன்னுராஜ் தற்காலிகப் பணிநீக்கம்.

மறுநாள் ஒன்பதே முக்காலுக்கு, இஸ்திரி போட்ட சட்டையுடன் வாகை மரத்தடியில் அமர்ந்தார். சரியாக நடுவில். இடைவேளையில் அய்யாத்துரை திராட்சையோடு வந்து பக்கத்தில் உட்காரப் பார்த்தார்.

"அண்ணே, ஒங்களத் தனியா விட்ருவமா? நாங்களும் வெளிய வந்துர்றோம்."

"ஒங்களுக்குப் பதினோரு மணிக்கு வகுப்பு இருக்கு தம்பி. பழத்த வச்சிட்டுப் போங்க."

அய்யாத்துரை வாயிலைக் கடக்கவும் டவுன் பஸ் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "அய்யாத்துரை சார் இங்கனதான உக்காந்திருப்பாக?"

பொன்னுராஜ் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"அவுக உள்ள போயிட்டாக. இப்ப இங்கன நான்தான்."