தாளின் பின்பக்கம்

வெர்லீன் ஸ்டப்ஸ் காலையில் பள்ளிச் சமையலறையில் தட்டு கழுவுவாள். மாலையில் சலவைக்கடை வாசலில் மனுவோடு நிற்பாள். கோர்ட்டு போடும் அபராதத்துக்கு ஒரு வரம்பு வேண்டும், அதை ஓக்லஹோமா மாநில மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்பது மனு. போதுமான கையெழுத்து சேர்ந்தால்தான் கேள்வி ஓட்டுச்சீட்டில் ஏறும். ஐம்பத்தாறு வயதில் கால் வீங்கியது. சலித்துக்கொண்டே நின்றாள்.

அவள் கதையும் அதுதான். காரின் பின்விளக்கு எரியாததற்குப் போட்ட அபராதம் தாமதக் கட்டணங்களைத் தின்று கொழுத்து, பிடிவாரண்டில் வந்து நின்றது. ஒரு பல்புக்கு இவ்வளவு! இப்போது தங்கையின் டிரெய்லர் வீட்டில் ஒதுங்கியிருக்கிறாள். அந்த விலாசம் கோர்ட்டுக்குத் தெரியாது.

மனுக்குழு சரிபார்த்தபோது அவள் வாங்கிய கையெழுத்துகளில் பாதி செல்லவில்லை. விலாசம் தப்பு. அப்படி எழுதியவர்களில் ஒருவனான, கூரை வேலை செய்யும் ஹார்லனைப் பிடித்தாள்.

"ஏன்டா, இடிச்சுப் போட்ட வீட்டோட நம்பரை எழுதிக் கொடுத்திருக்க?"

"எம்மேல வாரண்டு இருக்குக்கா. இருக்கிற எடத்தை எழுதி, வந்து புடிங்கய்யான்னு வெத்தல பாக்கு வைக்கவா? நீ எழுதுவியா?"

அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. கையெழுத்து வாங்கியவரும் ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் தன் விலாசத்தை எழுதி, நோட்டரி முன் சத்தியம் செய்ய வேண்டும். இல்லையேல் தாள் முழுவதும் குப்பை. அவளுடைய இருபது தாள்களின் பின்பக்கமும் காலியாகவே கிடந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தாள்.

மறுநாள் ஹார்லனையும் இழுத்துக்கொண்டு நோட்டரியிடம் போனாள். இருபது தாளிலும் தங்கை வீட்டு விலாசத்தை எழுதினாள். ஹார்லன் எட்டிப் பார்த்தான்.

"கிறுக்குப் புடிச்சிருச்சாக்கா உனக்கு?"

"ஓடி ஓடி அலுத்துப் போச்சுடா."

அவன் முணுமுணுத்துக்கொண்டே அவளிடம் புது மனுத்தாள் ஒன்றை வாங்கி, தான் குடியிருக்கும் இடத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டான். அந்த வாரம் சலவைக்கடையில் இன்னும் முப்பது பேர் அவனைப் போலவே உண்மை விலாசத்தை எழுதினார்கள். அந்தத் தாள்களுக்கும் அவள் சத்தியம் செய்து முடித்தாள். வெள்ளிக்கிழமை எல்லாம் தலைநகருக்குப் போயின. அங்கே அவற்றை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

திங்கட்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. கையில் பிடிவாரண்டோடு ஒரு இளம் போலீஸ்காரன்.

"வெர்லீன் ஸ்டப்ஸ்? விலாசம் இதுதானான்னு…"

"சரியாத்தான் இருக்கு தம்பி," என்றாள், கோட்டை மாட்டிக்கொண்டே. "நான் எழுதினதுதான்."