தைலம் தேய்ச்ச முட்டியும் ஆப்பிரிக்கா டிக்கெட்டும்

ஏன்டி, அடுத்தவ வீட்ல என்ன நடந்துச்சுன்னு தெரியலைன்னா உனக்குச் சோறு எறங்காதா? வந்து செருப்பைக்கூட ஒழுங்கா கழட்டலை, "உங்க முட்டி எப்படி சரியாச்சு, மருமக எப்படி ஆப்பிரிக்கா போனா"ன்னு நோண்ட ஆரம்பிச்சுட்டே. காபியைக் குடி மொதல்ல. சொல்றேன். ஆனா எங்க தெருவுல போய் வாயைத் தொறந்தே, உன் பழைய கதையெல்லாம் நானும் எடுத்து விடுவேன், பார்த்துக்க.

போன வருஷம் ஆடி மாசம், இதே எடமலைப்பட்டி புதூர் வீட்லதான் நடந்தது.

என் காலைப் பத்தி உனக்குத் தெரியும். முப்பது வருஷம் காந்தி மார்க்கெட்ல வாழை இலை வித்தவ நான். தலையில கட்டோட நடந்து நடந்து உரமேறின காலு. கடையை விட்டப்புறம் என்ன வேலை? மகன் ஆபீசுக்குப் போயிடுவான். மருமக ஸ்ரீரங்கத்துல பள்ளிக்கூட டீச்சர், பூகோளம் எடுக்கறா. பேரன் கோயமுத்தூர் ஹாஸ்டல்ல. பகல் பூரா நானும் டிவியும்தான். அது பாட்டுக்குப் பேசும், நான் ஒண்ணு கேட்டா பதில் சொல்லாது.

பங்குனியில பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன், முட்டியில அடி. டாக்டர் பார்த்துட்டு, "எலும்புக்கு ஒண்ணுமில்லை, பதினஞ்சு நாள்ல சரியாயிடும்"னார். சொன்ன மாதிரியே சரியாயிடுச்சு. அங்கதான் நான் திருட்டு வேலை பண்ணினேன்.

ஏன்னா, அந்தப் பதினஞ்சு நாளும் சாயங்காலம் ஏழு மணி ஆனா மருமக தைலக் கிண்ணத்தோட வந்து என் கால்மாட்டுல உக்காருவா. காலைத் தூக்கித் தன் மடியில வச்சுக்கிட்டுத் தேய்ப்பா. தேய்ச்சுக்கிட்டே பேசுவா. கல்யாணம் ஆகி இருபத்தி மூணு வருஷத்துல அவ அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. அதை விட மனசு வரலை. பதினாறாம் நாள் தானா நொண்ட ஆரம்பிச்சேன். ஆள் இருந்தா நொண்டுவேன். ஆள் இல்லைன்னா மொட்டை மாடிக்குப் போய் வத்தல் காய வச்சுட்டு வந்துடுவேன்.

அவ என்ன பேசினாங்கறே? எல்லாம் ஆப்பிரிக்காதான். பூகோளப் புஸ்தகத்துல அங்க இருக்கற காட்டைப் பத்தி நடத்தி நடத்தி, ஒரு தடவை நேர்ல பார்க்கணும்னு ஆசை. அதுக்குன்னு ஒரு நோட்டே போட்டு வச்சிருந்தா. நம்ம கோடை லீவுல போனா அங்க பெருமழையாம், வண்டி சேத்துல மாட்டிக்குமாம். அதனால புரட்டாசியில காலாண்டு லீவோட நாலு நாள் சேர்த்துப் போட்டா சரியா இருக்குமாம். மொதல்ல அஞ்சு நாள் காடு, அப்புறம் நாலு நாள் பக்கத்துக் கடல்ல ஒரு தீவு. "ஏன், தீவுக்கு மொதல்ல போனா என்ன"ன்னேன். "காட்டுல விடியறதுக்கு முந்தியே எழுந்து ஜீப்புல குலுங்கணும் அத்தை. அந்த அலுப்பு தீரத்தான் கடல்"னா. காட்டுலேர்ந்து தீவுக்குக் குட்டி விமானமாம், பதினஞ்சு கிலோவுக்கு மேல ஏத்த மாட்டானாம். மஞ்சக் காய்ச்சல் ஊசி போட்டுக்கணுமாம், அதுக்கு மெட்ராஸ் போகணுமாம்.

"சிங்கம் பார்க்கணும்னா வண்டலூர் இருக்கு, கடல் பார்க்கணும்னா வேளாங்கண்ணி இருக்கு. ஊசி போட்டுக்கிட்டு எதுக்குடி அவ்வளவு தூரம்?"னு கிண்டல் பண்ணுவேன். "அங்க நாம கூண்டுக்குள்ள, சிங்கம் வெளியில அத்தை"ம்பா. ஆயிரக்கணக்குல மாடு மாதிரி ஒரு மிருகம் ஆத்தைத் தாண்டுமாம், தண்ணிக்குள்ள முதலை காத்துக்கிட்டு இருக்குமாம். "ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்துல நம்ம சனம் காவேரியில எறங்கற மாதிரியா?"ன்னா, தைலக் கையோட விழுந்து விழுந்து சிரிப்பா.

இந்த ஆசை இன்னைக்கு வந்தது இல்லை. பேரன் சின்னவன், அடுத்த வருஷம்னாங்க. அப்புறம் என் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து நாலு வருஷம் படுக்கையில கிடந்தார். மூணு வேளையும் துடைச்சு, ஊட்டி, பார்த்தது அவதான். அவர் போனப்புறம்தான் அந்த நோட்டை மறுபடி எடுத்தா.

ஒரு சாயங்காலம் கொல்லையில துணி எடுத்துக்கிட்டு இருந்தேன். ஜன்னல் வழியா அவ போன்ல பேசறது கேட்டுச்சு. டிராவல்ஸ்காரர்கிட்ட பேசறா. "இல்லைங்க, வேணாம். அந்த ரெண்டு டிக்கெட்டையும் வேற யாருக்காவது குடுத்துடுங்க. அத்தைக்கு இன்னும் முட்டி சரியாகலை. பத்து நாள் தனியா விட்டுட்டுப் போக முடியாது. நாளைக்குள்ள சொல்லணுமா? இப்பவே சொல்லிட்டேன்ல... வேணாம்னே வச்சுக்கங்க." போனை வச்சுட்டு அந்த நோட்டை எடுத்துப் பரண்ல கிடந்த பழைய பெட்டிக்குள்ள போட்டா. மூடற சத்தம் எனக்கு இன்னும் கேக்குது.

கையில துணியோட அப்படியே நின்னுட்டேன். என் வீட்டுக்காரர் நிஜமா விழுந்தார், நாலு வருஷம் குடுத்தா. நான் பொய்யா நொண்டறேன், இருக்கற ஒரு ஆசையையும் குடுக்கறா.

உள்ள போய், "எனக்குச் சரியாயிடுச்சும்மா, நீங்க கிளம்புங்க"ன்னேன். கூடத்துல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விறுவிறுன்னு நடந்தும் காட்டினேன். அவ கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டா. "எனக்காக வலியைப் பொறுத்துக்கிட்டு நடக்கறீங்க. உக்காருங்க அத்தை, தைலம் கொண்டாரேன்"ங்கறா! நாலு மாசம் பொய் சொன்னேன், அத்தனையும் நம்பினா. ஒரு தடவை உண்மையைச் சொல்றேன், நம்பமாட்டேங்கறா.

மறுநாள் எல்லாரும் கிளம்பினதும் கதவைப் பூட்டிட்டு சத்திரம் பஸ் ஏறினேன். நேரா மலைக்கோட்டை. கீழே மாணிக்க விநாயகர்கிட்ட, "நீயே சாட்சி"ன்னு சொல்லிட்டுப் படி ஏற ஆரம்பிச்சேன். முட்டி ஒண்ணும் சொல்லலை. மூச்சுதான் சண்டை போட்டுச்சு. பாதியில உக்கார்ந்தப்ப காலேஜ் பொண்ணு ஒண்ணு தண்ணி குடுத்து, "எறங்கிடலாமா பாட்டி?"ன்னுச்சு. "எறங்கினா என் மருமக ஆப்பிரிக்கா போகமாட்டா"ன்னேன். ஒரு மாதிரியா பார்த்துச்சு. ஆனா என் செருப்புப் பையை வாங்கிக்கிட்டுக் கூடவே வந்துச்சு. தங்கமான பொண்ணு.

உச்சியில சாமி கும்பிட்டுட்டு, வெளிப் பாறையில நின்னு, அந்தப் பொண்ணுகிட்ட, "உன் போன்ல மூஞ்சி தெரியற மாதிரி கூப்பிட்டுக் குடு"ன்னேன். மார்க்கெட்ல இருந்தவளாச்சே, மருமக நம்பர் மனப்பாடம். இடைவேளை நேரம், எடுத்தா.

"அத்தை! எங்க இருக்கீங்க?"

"பின்னாடி பாரு. காவேரி, பாலம், அதோ உன் ஸ்ரீரங்கம் கோபுரம். உச்சிப்பிள்ளையார்கிட்ட இருக்கேன்."

"இந்த முட்டியை வச்சுக்கிட்டா? யாரு கூட்டிட்டு வந்தது? அங்கேயே உக்காருங்க, அசையாதீங்க!"

"முட்டிக்கு ஒண்ணுமில்லம்மா. சித்திரை பொறந்தப்பவே சரியாப் போச்சு. நான்தான்... நீ வந்து உக்காருவியேன்னு..."

அந்தப் பொண்ணு போனைப் பிடிச்சுக்கிட்டு வானத்தைப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு.

மருமக திட்டப்போறான்னு இருந்தேன். ஆனா அவ படி ஏறற சத்தம்தான் கேட்டுச்சு. பள்ளிக்கூட மொட்டை மாடிக்கு வந்துட்டா போல, காத்து போன்ல புஸ்ஸுன்னு அடிச்சுது.

"இங்கேர்ந்து மலை தெரியுது அத்தை. கையை ஆட்டுங்க."

"நான் தெரியறேனா?"

"தெரியலை. ஆட்டுங்க."

ஆட்டினேன். அவளும் அங்க ஆட்டியிருப்பா. நடுவுல காவேரி ஓடுது. ரெண்டு பைத்தியம், ஒருத்தருக்கொருத்தர் தெரியாமலே கை ஆட்டிக்கிட்டு நின்னோம். அப்புறம், "டிராவல்ஸ்காரருக்கு இப்பவே போன் பண்ணுடி. நாளைக்குள்ளன்னு சொன்னது இன்னைக்குத்தான்"னேன். பண்ணினா. நல்ல வேளை, டிக்கெட் போகலை.

அன்னிக்கு ஏழு மணிக்கு நான் சமையக்கட்டுல பதுங்கிக்கிட்டேன். இனிமே எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் காலை நீட்டறது? அவ கிண்ணத்தோட வந்தா.

"காலை நீட்டுங்க."

"அதான் ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சு போச்சே."

"நானூறு படி ஏறின காலு வலிக்காதா? நீட்டுங்க அத்தை."

அன்னிக்கு நிஜமாவே வலிச்சுதுடி. ஆனா அழுதது அதுக்காக இல்லை.

புரட்டாசியில மகனும் மருமகளும் போயிட்டு வந்தாங்க. பத்து நாளும் நான் தனியாத்தான் இருந்தேன், சிங்கம் மாதிரி. அந்தத் தீவுல கிராம்பு விளையுதாம், எனக்கு ஒரு பொட்டலம் வாங்கிட்டு வந்தா. ரெண்டு கிராம்பைத் தைலத்துல போட்டுக் காய்ச்சி இன்னமும் தேய்க்கறா. கேட்டா, "கதை மீதி இருக்கே அத்தை"ங்கறா.

எதிர்வீட்டுக்காரி விடுவாளா? "எப்படிக்கா நொண்டாம நடக்கறீங்க?"ன்னு பிடிச்சுக்கிட்டா, அக்கம்பக்கத்துல நாலு பேர் கூடிட்டாங்க. "மலைக்கோட்டை ஏறினேன், போயிடுச்சு"ன்னேன். அதுல பொய் ஏதும் இருக்கா, சொல்லு? அவ உடனே, "அப்ப நாளைக்கு நானும் ஏறப்போறேன்"ங்கறா. அவளுக்கு நிஜமாவே முட்டி தேஞ்சு போயிருக்கு. பதறிப்போயிட்டேன். "ஐயோ, நீ ஏறாதே, அது எனக்கு வந்த மாதிரி வலிக்குத்தான் கேக்கும். நீ ஒழுங்கா டாக்டர்கிட்ட போ. சாயங்காலம் உன் மருமகளைப் பக்கத்துல வந்து உக்காரச் சொல்லு. வலி இருக்கற அன்னிக்கு மட்டும்னு இல்லை, வலி இல்லாத அன்னிக்கும் கூப்பிடு. வருவா"ன்னேன்.