மேனேஜர் என்ன மீன்?

1. லிஃப்ட் வாசலில்

சிறுசேரியில் பதினோராவது மாடியில் வளரும் ஒரு மீன் என்ன வகை என்று பெயர் சொல்லப் போயிருந்தேன். லிஃப்டிலிருந்து வெளியே வந்ததும் மீனின் சொந்தக்காரர் கார்த்திக் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்து என்னை மடக்கினார். வீட்டுக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எஸ்தர் அக்கா, அது அய்மாராதான். நான் நெட்ல நல்லா பாத்துட்டேன். நீங்களும் அதையே சொல்லிட்டீங்கன்னா போதும்."

நான் மாமல்லபுரம் போகும் ரோட்டில் அக்வேரியம் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் செங்கல்பட்டில் ஒரு கடையில் பல வருஷம் வேலை பார்த்தேன். பிற மீனைத் தின்னும் வேட்டை மீன்களை வளர்க்கிறவர்களுக்குப் பெயரில் சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெயர் கேட்டுக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் பெயரை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். நாம் போய் ரப்பர் ஸ்டாம்ப் குத்த வேண்டும், அவ்வளவுதான்.

2. எந்த வுல்ஃப்?

அய்மாராவுக்கும் அதன் சொந்தக்கார மீன்களுக்கும் கடைகளில் ஒரே பெயர்தான், வுல்ஃப் ஃபிஷ். விரல் நீளக் குட்டியாக வரும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். திருக்கழுக்குன்றத்துக்காரர் ஒருவர் இரண்டு குட்டிகளை வுல்ஃப் என்று நம்பி ஆசையாக வாங்கிக்கொண்டு போனார். அவருடைய அம்மா தொட்டியைப் பார்த்துவிட்டு, "விரா மீன் குஞ்ச இன்னாத்துக்குடா வாங்கினு வந்தே, இது பெருசாவறதுக்குள்ள கொழம்பே மறந்துடும்" என்றாராம். அம்மா சொன்னதுதான் சரி. விராலுக்கு முதுகு நெடுக துடுப்பு ஓடும். வுல்ஃபுக்கு முதுகின் நடுவில் குட்டையாக ஒன்றுதான். இதைப் பார்த்து வாங்கியிருந்தால் வீட்டில் சிரிப்பாய்ச் சிரித்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது மலபாரிக்கஸ், வுல்ஃபில் சின்ன வகை. முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் மேலே வளரும். பெயரைப் பார்த்துவிட்டு இது கோழிக்கோட்டு மீன் என்று என்னிடம் சண்டை போட்டவர்கள் உண்டு. பெயர் வைத்தவருக்கு ஊர் குழம்பிவிட்டது. இது தென் அமெரிக்க மீன். கீழிருந்து பார்த்தால் இதன் கீழ்த்தாடையின் இரண்டு ஓரமும் மோவாயில் 'V' மாதிரி சேரும். நாக்கும் சொரசொரப்பாக இருக்கும் என்று படித்திருக்கிறேன், நான் தொட்டுப் பார்க்கவில்லை, எனக்குப் பத்து விரலும் வேண்டும். பிளாக் வுல்ஃப் என்று விற்கிற வகைக்குத் தாடை ஓரங்கள் 'U' மாதிரி இணையாகப் போகும். அய்மாரா இந்த இரண்டையும்விடப் பெரியது, ஒரு மீட்டர்வரை வளரும். அதற்கு அடையாளம் செவுள் மூடியின் ஓரத்தில் மேலும் கீழுமாக நிற்கும் ஒரு கறுப்புப் பட்டை.

ஆனால் யாரும் மோவாயையும் செவுளையும் படம் எடுத்து அனுப்ப மாட்டார்கள். நீல லைட்டைப் போட்டு, பக்கவாட்டில் அழகாக எடுத்து அனுப்புவார்கள். நீல லைட்டில் எல்லா மீனும் கறுப்புதான்.

3. மேனேஜர்

கார்த்திக் வீட்டு மீனுக்கு மேனேஜர் என்று பெயர். நாள் முழுக்க ஒரே இடத்தில் அசையாமல் கிடந்து, எல்லாரையும் முறைத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பாய்வதால் அந்தப் பெயர். கார்த்திக்கும் அவர் மனைவி நந்தினியும் கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்கள். மீனை வாங்கிய அன்றே வீட்டில் சண்டை. கடைசியில் நந்தினி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். சின்ன வகை என்றால் இருக்கட்டும், மீட்டர் கணக்கில் வளர்கிற வகை என்றால் வெளியே போக வேண்டும். இப்போது அது ஒரு அடியைத் தாண்டிவிட்டது. நான் சொல்வதுதான் தீர்ப்பு என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படியிருக்க, மீனை வாங்கியவரே அது அய்மாரா என்று சொல்லச் சொல்கிறாரே என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். அவருக்கு அலுத்துவிட்டதாம். மரக்கட்டை மாதிரி கிடக்கிறதாம். இதைக் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் நன்னீர்த் திருக்கை விட வேண்டுமாம். நானே கொடுத்தால் நந்தினி, அன்னைக்கே சொன்னேனே என்று ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள், நீங்கள் சொன்னால் மரியாதையாகப் போய்விடும் என்றார்.

உள்ளே போனேன். மீன் தொட்டி மூலையில் மரவேருக்குப் பின்னால் தலையைச் செருகிக்கொண்டு வாலை மட்டும் காட்டியது. நீல லைட்டை அணைத்து வெள்ளை லைட்டைப் போடச் சொன்னேன். அப்போதும் வால்தான்.

சரி, தானாக வரட்டும் என்று சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். டீ போட்டுக்கொண்டிருந்த நந்தினி கதவைச் சாத்தினார்.

"அக்கா, அது அய்மாரா இல்லன்னு சொல்லிடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அவருக்கு வேலை போய்விட்டது. தினமும் வீட்டில் உட்கார்ந்து, தொட்டிக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலைக்கு எழுதிப் போடுகிறார். பதில் வருவதில்லை.

"நாள் பூரா இந்த வீட்ல என்னப் பாத்துட்டு இருக்கற ஒரே ஆள் அவன்தான். அவனும் போயிட்டா எனக்கு ரொம்பக் கஷ்டம்க்கா. ஆனா நான்தான் அன்னைக்கு அப்படிச் சண்டை போட்டேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சிட்டு வேணும்னு கேக்கறது?"

உண்மையிலேயே மனசு கனத்துவிட்டது. கர்த்தரே, அது மலபாரிக்கஸாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஹாலுக்கு வந்தேன்.

மீன் அசையவில்லை. கார்த்திக் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார், தீனி டப்பாவை ஆட்டிப் பார்த்தார். மேனேஜர் லீவில் இருந்தார். நந்தினி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, யோசிக்காமல் தன் வழக்கமான நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

உடனே மீன் வேருக்குப் பின்னாலிருந்து பின்வாங்கித் திரும்பியது. தொட்டியின் முழு நீளத்தையும் கடந்து வந்து, நந்தினிக்கு நேராகக் கண்ணாடியை ஒட்டி நின்றது. வெள்ளை வெளிச்சத்தில் செவுள் ஓரத்துக் கறுப்புப் பட்டை, மை வைத்து இழுத்தது போலத் தெரிந்தது. நந்தினியைப் பார்க்க வந்துதான் அது மாட்டிக்கொண்டது.

பொய் என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பொய் சொன்னால் ஒரு மீட்டர் மீன் இந்த நாலடித் தொட்டியில் வளைந்து கிடந்து சாகும்.

"அய்மாராதான்" என்றேன்.

நந்தினி தலையைக் குனிந்துகொண்டார். கார்த்திக் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், படவில்லை. அவர் மீனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஒருநாள்கூட இப்படி வந்ததில்லையே" என்றார்.

நான் டீயை வைத்துவிட்டு எழுந்தேன். "மீனு இன்னான்னு சொல்றதுதான் என் வேலை, சொல்லிட்டேன். நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா என்கிட்ட சொன்னீங்களே, அத ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குங்க. அது என் வேலை இல்ல."

பால்கனியில் போய் நின்றுகொண்டேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பேச்சு கேட்கவில்லை. நந்தினி அழுதது தெரிந்தது. கார்த்திக் தரையில் நந்தினியின் நாற்காலி பக்கத்தில் உட்கார்ந்தது தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து கார்த்திக்கே கதவைத் திறந்து, எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும் என்று கேட்டார். எட்டடிக்குக் குறையாமல் வேண்டும், தளம் எடை தாங்குமா என்று கட்டட இன்ஜினியரிடம் கேட்க வேண்டும் என்றேன். எட்டடிச் சுவர் அந்த ஹாலில் ஒன்றுதான் இருந்தது. அதை ஒட்டி சோபா.

நந்தினி மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "சோபா போகட்டும்."

அதற்குப் பிறகு பெயர் சொல்ல யார் கூப்பிட்டாலும், பேர் தெரிஞ்சா இன்னா பண்ணப் போறீங்க என்று போனிலேயே கேட்டுவிடுகிறேன். புதிதாக வருகிறவர்களும் கேளுங்கள். நிறையப் பேர், வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்க்கா என்று வைத்துவிடுகிறார்கள். பாதிக் கேஸ் அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்ஜினியர் சரி சொன்னார், எட்டடித் தொட்டி வந்துவிட்டது. நந்தினிக்கும் வேலை கிடைத்துவிட்டது. சாயங்காலம் அவர் வரும்வரை தொட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து மேனேஜருக்குத் துணையிருப்பது இப்போது கார்த்திக்கின் டூட்டி.