பறந்த பிரபுவின் சீட்

1

ஆயர் ஈத்தாமில் குஷன் கடை வைத்திருந்தேன். லாரி சீட், கெரேத்தா என்கிற கார் சீட், சோபா எல்லாம் தைப்போம். ஏரோப்பிளேன் சீட் ஒன்றே ஒன்றுதான் வந்தது.

ஜார்ஜ்டவுனில் கண்காட்சி நடத்துகிறவர்கள் அனுப்பியது. கொண்டுவந்த மிஸ் லிம் கதை சொன்னார். ஐரோப்பாவில் ஒரு பிரபு. அரண்மனை, நிலம், குதிரை எல்லாம் உண்டு. ஏரோப்பிளேன் புதிதாக வந்த காலம். குதிரைகளை விற்று ஒன்று வாங்கிவிட்டார். பெரிய குடும்பத்துப் பிள்ளை மெக்கானிக் வேலை பார்ப்பதா என்று தகப்பன் வீட்டை விட்டு அனுப்பிவிட்டார். மனைவியும் கூடவே போய்விட்டார். பிரபு ஊர் ஊராகப் பறந்து வந்தார். கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊர்ப் பக்கம் சேற்றில் இறங்கியதில் இறக்கை உடைந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை. கப்பலில் திரும்பினார். சீட் மட்டும் இங்கே ஒரு பங்களாவில் தங்கிவிட்டது.

தோல் வெடித்திருந்தது. நான் பிறையில் லாரி சீட் அளவெடுக்கப் போன அன்று, கடையில் தைக்கிற செல்வி அக்கா அதைப் பிரித்தார். உள்ளே அடைத்திருந்த பழைய நார் குப்பை லாரியில் போனது. புதுத் தோல் போட்டு நான் தைத்து முடித்தேன்.

2

சீட்டை எடுக்க மிஸ் லிம்மோடு ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வந்தார். பிரபுவின் பேரன். தைத்ததைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், உள்ளே ஒரு சின்ன மெடல் இருந்ததா என்று. புருஷன் பத்திரமாக இறங்க வேண்டும் என்று பாட்டி உள்ளே வைத்துத் தைத்ததாம். பிரபுவின் மகள், இவருடைய அம்மா, படுத்த படுக்கை. போவதற்குள் ஒருமுறை கையில் பிடிக்க வேண்டுமாம்.

சீட்டுக்குள் கிடைப்பதையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போடுவது எங்கள் வழக்கம். சீப்பு, ஹேர்பின், சாவி. ஒருமுறை பல் செட்டே வந்தது. டின்னைக் கவிழ்த்தேன். மெடல் இல்லை. செல்வி அக்கா பசாருக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. நாரோடு போயிருக்கும் என்று நினைத்தேன். எப்படிச் சொல்வது? பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மிஸ் லிம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா மீன் பையோடு வந்தார். கேட்டேன்.

"மாதா படம் போட்டதுணே அது. சீப்பும் பல்லும் கிடக்கிற டின்லயா போடச் சொல்றீங்க? மேல வெச்சிட்டேன்லா."

மேலே சாமி தட்டில் முருகன் படத்தடியில், சந்தனம் குங்குமத்தோடு, ஒரு பூ வைத்து இருந்தது. தினமும் அங்கேதான் கும்பிட்டுக் கடை திறப்பேன். உற்றுப் பார்த்ததில்லை.

"கண்ண மூடிக்கிட்டே கும்பிட்டா எப்படிணே தெரியும்?" என்றார் அக்கா.



பெரியவர் ஷூவைக் கழற்றினார். யாரும் சொல்லவில்லை. அக்கா மெடலை எடுத்துக் குங்குமத்தைத் துடைக்கப் போனார். அவர் கையை நீட்டித் தடுத்தார். அப்படியே கைக்குட்டையில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

3

பிறகு மிஸ் லிம் போன் செய்தார். பெரியவரின் அம்மா மெடலைக் கையில் பிடித்துவிட்டாராம். இந்தச் சிவப்பு என்ன என்று கேட்டாராம். சீட் தைத்த கடையில் ஒருத்தர் தினமும் பூ வைத்தார் என்று மகன் சொல்ல, விரல் சிவக்கத் தடவிக்கொண்டே தூங்கிவிட்டாராம்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. சீட்டைப் பிரித்தால் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு நாரை எறி. டின் பக்கத்தில் ஒரு பித்தளைத் தட்டும் வை. எந்தச் சாமி வந்தாலும் அதில் வை.