நெஞ்சில் நின்ற ரொட்டி

பிள்ளைகளே, அப்பா நான் ஏன் இவ்வளவு மெதுவாகச் சாப்பிடுகிறேன் என்று கேட்டீர்கள் அல்லவா? கொட்டகலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் செடிகளின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டிய காலத்தில், தின்ற ரொட்டி எனக்கு நெஞ்சிலேயே நின்றுவிடும். உணவுக்குழாயின் அடிப்பக்கம் இறுகியிருக்கிறது, அவசரப்படாமல் மென்று தின்ன வேண்டும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

எங்களை வேலை வாங்கிய கங்காணி அதை நம்பவில்லை. ஒருநாள் பகல் சாப்பாட்டு நேரம் முடிந்ததும், இன்னும் தின்றுகொண்டிருந்த என் முன்னால் வந்து நின்றார்.

“என்னா, மாப்பிள்ளை விருந்தா? எந்திரிடா! இல்லாட்டி அரைப்பேருதான்.”

அரைப்பேர் என்றால் பாதிநாள் கூலி. பயந்துபோய் எழுந்து, கையிலிருந்த ரொட்டியை வாயில் திணித்தேன். அது நெஞ்சில் அடைத்து, மூச்சு முட்டி, அப்படியே வெளியே வந்து விழுந்தது. கங்காணி சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் என் பயம் போய்விட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்து, அடுத்த ரொட்டியைப் பிட்டேன்.

“அரைப்பேரே போடுங்க. நான் தின்னுட்டுத்தான் வருவேன்.”

என்னோடு வெட்டும் ராமையா கத்தியைக் கீழே வைத்தான். “அப்ப எனக்கும் அரைப்பேரு போடுங்க கங்காணி,” என்று என்னருகே உட்கார்ந்தான். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

“தின்னு தொலைங்கடா!” என்று கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று எல்லோருக்கும் முழுப்பேர் விழுந்தது.

நோய் இன்னும் என்னோடுதான் இருக்கிறது. ஆனால் அதன்பின் எவருடைய அதட்டலுக்கும் நான் ஒரு வாய்கூட அவசரமாக விழுங்கியதில்லை.