பெங்களூரிலிருந்து ஒரு சார் அனுப்பிய கார்

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு மலர் வெளியிடலாம் என்று முடிவானதும், கட்டுரையை நீதான் எழுத வேண்டும் என்று அண்ணன் என்னிடம் சொன்னார். வீட்டில் தமிழ் ஒழுங்காக எழுத வருவது எனக்கு மட்டும்தானாம். சரி என்றேன். உடனே, அதெல்லாம் வேண்டாம், நல்லதாக எழுது என்றார். அதெல்லாம் என்றால் என் கல்யாணம். அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "அவ எழுதறத அப்பிடியே போடுடா. இத்தன நாளா எல்லாரும் அவரு சொன்னதத்தான் கேட்டுக்கினு இருந்தோம்" என்றார். ஆகவே நல்லதையும் எழுதுகிறேன், அதெல்லாவற்றையும் எழுதுகிறேன்.

அப்பா உத்தனப்பள்ளியில் ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். விலை போகாத தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டு வெறும் கூடையோடு வீடு திரும்பிய காலங்களை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். ஐ.டி.ஐ. முடித்து, ஓசூரில் ஒரு வண்டிக் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் தம்பியைப் படிக்க வைத்தார். தங்கையைக் காவேரிப்பட்டினத்தில் கட்டிக் கொடுத்தார். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் பலருக்கு முதல் வேலைக்குச் சொல்லி வைத்ததும் அப்பாதான். குடிப்பழக்கம் கிடையாது. யாரையும் வாடா போடா என்று பேசியதில்லை. உடன் வேலை செய்தவர்களிடம் கன்னடமோ தெலுங்கோ அவரவர் பாஷையில் பேசுவார். அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு எங்களை அழைத்துப் போய் முதல் பந்தியில் உட்கார வைப்பார்.

அதனால்தான், அத்திப்பள்ளிக்காரர் ஒருவரைக் கட்டிக்கொள்ள விரும்புகிறேன் என்று சொன்னபோது, அப்பா கொஞ்ச நாள் கோபமாக இருந்துவிட்டுச் சரியாகிவிடுவார் என்று நம்பினேன். அப்பா கோபப்படவே இல்லை. "உன் இஷ்டம்மா" என்றார். அத்தோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். வேறு சாதி, வேறு பாஷை என்று அவர் வாயால் சொல்லவில்லை. அதைச் சொல்ல உறவினர்கள் நீங்கள் நிறையப் பேர் இருந்தீர்கள்.

ஓசூரில் பஸ் ஏறி டிக்கெட் வாங்கி மீதிச் சில்லறையைப் பைக்குள் போடுவதற்குள் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளி வந்துவிடும். அப்பா அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. என் ஆசை ஒன்றே ஒன்றுதான். என் கணவரை அவர் ஒரு தடவை "மாப்பிள்ளை" என்று கூப்பிட வேண்டும். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்துக்கொள்வேன்.

அப்பா வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெரிய அதிகாரி ஒருவர் பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கம்பெனிக்கு ஓட்டி வருவாராம். சின்ன கார், கூரை கிடையாது, இரண்டே சீட்டு, அடர்ந்த பச்சை நிறம், கம்பி போட்ட சக்கரங்கள். அதன் கதவில் விழுந்த கீறலைச் சரிசெய்யும் வேலை அப்பாவிடம் வந்தது. கீறல் எங்கே இருந்தது என்று காரின் சொந்தக்காரருக்கே தெரியவில்லை என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் எத்தனையோ முறை சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். அந்தக் கதையை நான் என் கணவரிடம் சொன்னேன். அவர் எங்கெங்கோ தேடி, அதே காரின் சிறிய மாடலை வரவழைத்தார். பாகம் பாகமாகப் பிளாஸ்டிக்கில் வரும். நாமே வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்துப் பொருத்திக்கொள்ள வேண்டும். முடித்தால் ஒரு சாண் நீளம் வரும். அப்பா ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்த சமயம் அது. பெட்டியை அண்ணன்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். யார் அனுப்பியது என்று அப்பா கேட்டிருக்கிறார். அண்ணனும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அப்பா பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அப்பா காலையில் நடக்கப் போகும் நேரம் பார்த்து அம்மா எனக்குப் போன் செய்வார். இன்று என்ஜினை ஒட்டிவிட்டார், இன்று சீட்டுக்குக் கறுப்பு அடித்திருக்கிறார் என்று சொல்வார். பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றை நகவெட்டியால் வெட்டி, பிசிறைத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவித் துணிமேல் காய வைப்பாராம். மின்விசிறியைப் போட விடமாட்டாராம். என்ஜின் மூடியில் பச்சை அடித்துக் காய்ந்த பிறகு ஒரு தூசி ஒட்டியிருப்பது தெரிந்ததும், வாட்டர் பேப்பர் போட்டு மொத்தத்தையும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அடித்தாராம். பெட்டிக்குள் பந்தயத்துக்கான நம்பர் ஸ்டிக்கரும் வேறு தினுசு பம்பரும் இருந்தன. அதைப் போட்டால் எடுப்பாக இருக்குமே என்று அண்ணன் சொன்னதற்கு, "கம்பெனியிலருந்து எப்பிடி வெளிய வந்துச்சோ அப்பிடித்தான் இருக்கணும். நம்ம இஷ்டத்துக்கு ஒண்ணும் சேக்கக் கூடாது" என்றாராம்.

ஒரு தூசிக்கு இவ்வளவு பொறுமை காட்டுகிறவர் எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பார் என்று பைத்தியக்காரி போல நம்பினேன். அம்மாவுக்கும் அதே நம்பிக்கைதான். "முடிச்சதும் கூப்பிடுவாருன்னு நெனைக்கிறேன்டி. மொகத்துல சிடுசிடுப்பு இல்ல" என்றார். நான் என் கணவருக்கு ஒரு புதுச் சட்டைகூட எடுத்து வைத்தேன்.

கார் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் முடிந்தது. புது வண்டிக்குச் செய்வதுபோல் அதற்குப் பூஜை போட அப்பா முடிவு செய்தார். ஓசூரிலிருந்தும் உத்தனப்பள்ளியிலிருந்தும் காவேரிப்பட்டினத்திலிருந்தும் எல்லோரையும் அழைத்தார். எங்களுக்கு மட்டும் அழைப்பு இல்லை. சந்தனம், குங்குமம், சின்னதாக ஒரு மாலை. அந்தச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் பெரிது என்று திராட்சைப் பழம் வைத்து நசுக்கினார்களாம். எல்லோரும் சிரித்து, பொரியும் சுண்டலும் கேசரியும் சாப்பிட்டிருக்கிறீர்கள். இவ்வளவு அழகான கார் எங்கே கிடைத்தது என்று காவேரிப்பட்டினம் மாமா கேட்டிருக்கிறார். "பெங்களூர்லருந்து ஒரு சார் அனுப்பினாரு" என்றாராம் அப்பா.

அந்த சார் யார் என்று அங்கே தெரியாதவர் ஒருவரும் இல்லை. உங்களில் ஒருவராவது வாயைத் திறந்திருக்கலாம். வாயில் கேசரி இருந்திருக்கும்.

அம்மா இதை அழுதுகொண்டே போனில் சொன்னார். பக்கத்து ஊரில் இருக்கிறவரைப் பெங்களூருக்குத் தள்ளிவிட்டார். சொந்த மருமகனைச் சாராக்கிவிட்டார். திட்டியிருந்தால்கூட நமக்குள் ஏதோ உறவு இருக்கிறது என்று தேறியிருப்பேன். என் கணவர் மட்டும் கோபப்படவில்லை. "அவருக்குக் கார் பிடிச்சிருக்கல்ல, விடு" என்றார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது.

போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அத்திப்பள்ளியைத் தாண்ட மாட்டேன் என்றிருந்தவரை ஆம்புலன்ஸில் படுக்க வைத்துத் தாண்டினோம். அவருக்கு நினைவு இல்லை. அங்கே கன்னடத்தில் பேசி வார்டு பிடித்தது, மருந்துக்கு அலைந்தது, அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்தது எல்லாம் என் கணவர்தான். லீவு தராததால் சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று இருந்தார். இடையில் அப்பாவுக்கு நினைவு திரும்பியது. வாய் குழறினாலும் பேச்சு புரிந்தது. என் கணவர் தலையைத் தாங்கிப் பிடித்துக் கஞ்சி கொடுத்தார். அப்பா குடித்து முடித்து, அவர் முகத்தை நன்றாகப் பார்த்தார். "தேங்க்ஸ் சார்" என்றார்.

அறையில் அம்மா, அண்ணன், அண்ணி, சித்தப்பா எல்லோரும் இருந்தோம். சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பாவுக்கு ஆள் தெரியவில்லை என்று அண்ணன் இன்றைக்கும் சொல்கிறார். அடுத்த நிமிடமே அண்ணியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டவருக்கு ஆள் தெரியாமல் போகுமா? அதற்கு இரண்டு நாள் கழித்து அப்பா இறைவனடி சேர்ந்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் மருமகள் பெயர் இருந்தது. மருமகன் என்ற சொல்லே இல்லை.

காரியம் முடிந்த பிறகு அம்மா அந்தக் காரை என்னிடம் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து, தலைகீழாகத் திருப்பி, சீட்டுக்கு அடியில், மூடிக்குள், எங்காவது எனக்கோ அவருக்கோ ஒரு அடையாளம் வைத்திருக்கிறாரா என்று தேடினேன். ஒரு எழுத்து, ஒரு புள்ளி எதுவும் இல்லை. கம்பெனியிலிருந்து வந்தபடியே, குறை சொல்ல முடியாதபடி இருந்தது. அந்த வேலைத்திறமைக்குத் தலை வணங்குகிறேன். அந்த மனதுக்கு என்னால் முடியவில்லை.

அப்பாவின் நோய்க்காலத்தில் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்வது என் கடமை. இரத்தம் கொடுத்த பெயின்ட் ஷாப் நண்பர்களுக்கும், முகம் சுளிக்காத நர்சம்மாக்களுக்கும், அம்மாவை ஒரு வேளையும் பட்டினி போடாத அண்ணிக்கும் நன்றி. பூஜைக்கு வந்து சிறப்பித்த உறவினர்களுக்கும் நன்றி.

கடைசியாக, அப்பாவின் மருமகன் மஞ்சுநாத் அவர்களுக்கு நன்றி. இந்த நன்றி என்னுடையது. உள்ளுக்குள் அப்பாவுக்கும் இருந்திருக்கும் என்று வாசலில் நின்று யாரும் எங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். அப்பா அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடவே இல்லை.